ஒரு புள்ளியும் சிதையாமல்

காலை வெயில் ஆய்வகத்து மேசையில் பாதிவரை வந்து நிற்கிறது. ஒரு புள்ளியும் சிதையாமல் படக் கோப்பை இதுவரை இல்லாத அளவுக்குச் சுருக்கும் முறையை அவள் கண்டுபிடிக்க இருபது வருடம் ஆயிற்று. இன்றுதான் முதன்முதலாக ஒரு குழந்தையின் இதய ஸ்கேன் அப்படிச் சுருங்கி, மந்தமான இணைப்பில் தொலைதூர மருத்துவமனைக்குப் போயிருக்கிறது. அதையே இங்கேயும் விரித்து அசலோடு ஒப்பிடுகிறது கணினி. அவள் நகத்தைக் கடித்தபடி நிற்கிறாள். சாப்பாட்டு டப்பாவோடு வந்த கணவன் சீண்டுகிறான். "போனை எடுத்தா ஒரு மணி நேரம் பேசுவ. நீ சுருக்குறியாக்கும்!" திரையில் 'வித்தியாசம்: 0' என்று வருகிறது. ஸ்பீக்கரில் அங்கிருக்கும் டாக்டரின் குரல்: "ஓட்டை எங்கன்னு பளிச்சுன்னு தெரியுதும்மா. குழந்தை இங்க வந்து சேர்ந்ததும் ஆபரேஷனுக்குக் கொண்டுபோறோம்." அவள் பொத்தென்று நாற்காலியில் உட்காருகிறாள். கணவன் டப்பாவை வைத்துவிட்டு, தன் அக்காவுக்குப் போன் போடுகிறான். "அக்கா, அடுப்பை அணைச்சிட்டு வந்து உக்காரு. இது சுருக்கமா சொல்ற விஷயமில்ல."