கதாநாயகி பேய் இல்லை

"உண்மையைச் சொல்லிடும்மா. இவ பேய்தானே?"

ஃபாங் திரைக்கதையை மேசைமேல் போட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக, அதை எழுதிய தாவ் ருயியைப் பார்த்தார். பெய்ஜிங்கின் அந்தத் தொடர் தயாரிக்கும் நிறுவனத்தில் கதைகளைச் சலித்து அனுப்பும் பிரிவுக்கு அவர்தான் தலைவர். தொடரில் பேய் வரக்கூடாது, மனித உருவெடுக்கும் நரி வரக்கூடாது என்பது நிறுவனத்தின் விதி. போன வருடம் ஒரு நரி அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் பன்னிரண்டாவது எபிசோடில் வாலைக் காட்டிவிட்டது. ஆறாவது மாடியில் ஜன்னலோரம் இருந்தவர், கழிப்பறைக்கு அடுத்த அறைக்கு வந்து சேர்ந்தார். இன்னொன்று தப்பினால் வீடுதான்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்லைங்க தலைவரே. முந்நூறு வருஷத்துப் புத்தகத்துல நாலே பக்கக் காதல் கதை." ஏழு வருடமாக அந்த நாலு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் தாவ். நாற்காலியை இழுத்து உட்காரப் போனாள்.

"பாத்து! அப்பா காரு!"

சுவரோரம் காகிதத்தில் செய்த கறுப்புக் கார் ஒன்று நின்றது. உள்ளே காகித டிரைவர்.

"நாளைக்கு சிங்மிங், செத்தவங்களுக்குப் படைக்கிற நாளாச்சே. பாவம், இருந்தவரைக்கும் சைக்கிள்தான் மிதிச்சார். கல்லறையில எரிச்சுட்டா அங்கயாவது கார்ல போவார்" என்றவர், குரலை மறுபடி விறைப்பாக்கிக்கொண்டார். "அந்தப் புத்தகத்துல மத்த கதையெல்லாம் பத்துத் தடவை எடுத்துட்டானுங்க. இதை மட்டும் ஏன் ஒருத்தனும் தொடல? அங்கதான் இடிக்குது."

"நாலு பக்கம்தானே. புரட்டும்போது கண்ணுல படாம போயிருக்கும்."

ஃபாங் சிவப்புப் பேனாவைத் திறந்தார். "அந்தப் படிக்கிற பையனைப் பாக்க இவ ராத்திரியில மட்டும் வர்றா."

"பகல்ல டோஃபு கடை. அப்பன் விடுவானா?"

"ரெண்டு கிண்ணம் நூடுல்ஸ் கொண்டுவர்றா. விடியற வரைக்கும் அப்படியே இருக்கு. பேய்தாம்மா சாப்பிடாது!"

"காதலிக்கிறப்போ யாருக்குங்க சோறு இறங்கும்? உங்களுக்கு இறங்குச்சா?"

காதலித்த காலத்தில் ஃபாங் வேளைக்கு மூன்று கிண்ணம் காலி செய்தவர். அதைக் காட்டிக்கொள்ளாமல் பக்கத்தைத் திருப்பினார்.

"சரி, உருகி உருகிக் கடுதாசி எழுதுறாளே, அதை ஏன் கொல்லையில வச்சு எரிக்கிறா?"

"அப்பன் கையில சிக்கினா என்ன ஆகும் தலைவரே?"

"விவரமானவதான்."

ஆனாலும் சந்தேகம் விடவில்லை. 'கதாநாயகி முதல் எபிசோடிலிருந்து கடைசி எபிசோடுவரை உயிருள்ள பெண்ணே' என்று எழுதி நீட்டினார். தாவ் உடனே கையெழுத்துப் போட்டாள். அதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஃபாங் சிவப்பு முத்திரையை ஓங்கிக் குத்தினார். விழுந்த முத்திரையை இனி அவரே நினைத்தாலும் அழிக்க முடியாது.

பாரம் இறங்கியதும் ரசிகராகிவிட்டார். "நல்ல கதைதாம்மா. ஒண்ணே ஒண்ணுதான் புரியல. 'நீ எழுதின அத்தனையும் கிடைச்சுது'ன்னு கடைசியில அந்தப் பையன் அழறான். இவதான் எல்லாத்தையும் எரிச்சுட்டாளே, அவனுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்துச்சு?"

தாவ் திரைக்கதையை மார்போடு அணைத்துக்கொண்டு, வழியில் இடித்த காகிதக் காரை அலுங்காமல் நகர்த்தி வைத்தாள்.

"நாளைக்கு உங்க அப்பாவுக்கு இந்தக் காரு எப்படிப் போய்ச் சேருமோ, அப்படித்தான் தலைவரே."