கிராதி இருந்த இடம்

பிரிக்ஃபீல்ட்ஸில் புதுக் கோவில் எழும்பியதும், பழைய மாதா கோவிலை ஜெர்மன் சண்டையில் செத்தவர்களின் நினைவு மண்டபமாக மாற்றினார்கள். பீடம் இருந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு, பாஸ்ராவுக்கு ரயில் பாதை போடப் போய்த் திரும்பாத ஏழு பேரின் பெயரைப் பொறித்தார்கள். இந்தக் கோவில் பங்கிலிருந்து போனவர்கள் எட்டுப் பேர். எட்டாவது ஆள் கிரிகரி எங்கோ ஓடிப்போய்விட்டான் என்று கடிதம் வந்திருந்தது.

அவன் மனைவி சாந்தமேரிதான் மண்டபத்தைத் துடைப்பவள். அவன் போய் ஒன்பது வருஷமாகியும் தாலி கழுத்தில் கிடக்கிறது. தான் விதவையா வாழாவெட்டியா என்று அவளுக்கே தெரியாது.

பூட்டிக் கிடக்கும் மண்டபத்தில், பூசையில் முழங்காலிட்டு நன்மை அப்பம் வாங்கும் மரக் கிராதி முன்பு இருந்த இடத்தில், தினமும் காலையில் செம்மண் தூசியின்மேல் முழங்கால் தடங்கள் இருக்கும். ஏழு ஜோடி. முதல் வாரம் பயந்தாள். பிறகு இடுப்புவலிதான் பெரிதாகத் தெரிந்தது, துடைத்துவிட்டுப் போய்விடுவாள்.

இன்று வரிசையின் கடைசியில் ஒற்றை முழங்கால் தடம் ஒன்று கூடுதலாக இருந்தது. பக்கத்தில் ஒரு பாதத்தின் தடம்.

இங்கே ரயில் வேலையில் இருந்தபோது காலில் தண்டவாளக் கட்டை விழுந்ததிலிருந்து கிரிகரியால் வலது முழங்காலை ஊன்ற முடியாது. இடதை மட்டும் ஊன்றித்தான் நன்மை வாங்குவான்.

சாந்தமேரி வாளியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து ஏழு ஜோடியையும் துடைத்தாள்.

"அக்கா, அங்க ஒரு எடம் விட்டுட்டீங்களே," என்றான் காவல்காரன் லியனார்ட்.

"அது இருக்கட்டும் தம்பி. கௌஸ் பாய் கடை தொறந்தாச்சான்னு பாரு. வெள்ளைச் சேலை ஒண்ணு எடுக்கணும்."