விடுபட்ட சரிவகம்

றஸாக் பிடிபட்டது பஸ்மிலா டீச்சரின் கரும்பலகையில்தான்.

டீச்சரின் மகள் அப்னா போகிற ஸ்கூல் வேன் றஸாக்குடையது. பட்டியலில் உள்ள பிள்ளைகளைத் தவிர யாரையும் ஏற்றக் கூடாது என்பது பேச்சு. ஆனால் காலையில் அவர் காசுக்கு வெளி ஹயர் ஓடுகிறார் என்று பெற்றோருக்குள் ஒரு கதை. உண்மையென்றால் வேறு வேன் பார்ப்பதாக இருந்தார் பெற்றோர் குழுத் தலைவர் மசூர்.

அதனால் பெற்றோர் வேனில் ஒரு கருவி பூட்டியிருந்தார்கள். எந்த நேரத்தில் எவ்வளவு வேகம் என்று கோடு போடும். எங்கே போனது என்று சொல்லாது. ஒரு நாள் காலைக் கோட்டைக் கணக்குப் பார்க்கச் சொல்லி மசூர் டீச்சரின் போனுக்கு அனுப்பியிருந்தார்.

டீச்சருக்கு வகுப்பில் அந்தக் கிழமை முழுக்கப் பாடமே வேக-நேர வரைபு. சின்னச் சின்ன நிறுத்தங்களை விட்டு, வளைவுகளை நேராக்கி, அதையே பலகையில் வரைந்து, இது அப்னாவின் வேன் என்றும் சொன்னாள்.

சாஜித் எழும்பினான். "வேன் மலையில ஏறி இறங்குதா டீச்சர்? கல்முனையில எங்க மலை?"

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு விளக்கினாள். கோடு ஏறினால் வேகம் கூடுகிறது. கோடு மட்டமாகப் போனால் வேன் நிற்கவில்லை, ஒரே வேகத்தில் ஓடுகிறது. கோடு கீழே வந்து அடியைத் தொட்டால்தான் நின்றது. ஓடிய தூரம் வேண்டுமா? கோட்டுக்குக் கீழே அடைபட்ட பரப்பளவைப் பாருங்கள்.

படத்தில் இரண்டு சரிவகங்கள், நடுவில் ஒரு நிறுத்தம். முதலாவது ஆறு கிலோமீற்றர், இரண்டாவது பன்னிரண்டு. எல்லாரும் பதினெட்டு என்று எழுதியிருந்தார்கள்.

ஹப்ஸா மட்டும் பன்னிரண்டு.

கணக்கில் ஒரு புள்ளி விடாத பிள்ளை. முதல் சரிவகத்தைத் தொடவே இல்லை.

"முதல் சரிவகம் எங்க புள்ள?"

"விட்டுட்டன் டீச்சர்." அவள் தலை நிமிரவில்லை.

போன மாதம் ரெண்டு கிழமை தொடர்ந்து ஸ்கூலுக்கு வராமல் நின்றால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லி, டீச்சர் சிவப்பு மையால் பிழை போட்டாள்.

ஸ்கூல் விட்டதும், அண்ணன் முறையில் காக்கா என்று அவள் கூப்பிடும் றஸாக்கின் வேனடிக்கு நேரே போனாள். போனை நீட்டினாள்.

தான் ஒரு நாளும் வேகமாக ஓடவில்லையே என்றார் றஸாக்.

"வேகம் சரி காக்கா. தூரம்தான் பிழை. பட்டியல்ல உள்ள புள்ளைகள ஏத்திப் பன்னிரண்டு ஓட வேண்டிய வேன் பதினெட்டு ஓடியிருக்கு."

றஸாக் அந்தக் கோட்டை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். இது இதையும் சொல்லுமா என்று கேட்டார். டீச்சர் சிரிக்கவில்லை. பிறகு அவரே ஒத்துக்கொண்டார். ஓம், மாவடிப்பள்ளிப் பக்கம் போய் வருகிறார். மற்றப் பிள்ளைகளை ஏற்ற முந்தி, தன்னுடைய நேரத்தில். வயலுக்கு அங்கால் ஒரு வீடு. பஸ் ஓடாத இடம். தினமும் சைக்கிளில் கொண்டு வந்து விட்ட வாப்பா கால் முறிந்து படுத்திருக்கிறார். படிப்பு நின்றே போச்சு என்று இருந்த பிள்ளையை மெயின் ரோட்டுக்குக் கொண்டு வந்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் தன் வேலையைத் தொடங்குகிறார்.

"காசு கீசு ஒண்டுமில்ல டீச்சர். பட்டியல்ல பேர் இல்லாத புள்ள, அதான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. தன்னால எண்ட வேன் வேலை போயிடும் எண்டு அந்தப் புள்ளைக்கும் பயம்."

"ஆர் காக்கா அந்தப் புள்ள?"

"உங்கட வகுப்புத்தான். ஹப்ஸா."

ரெண்டு கிழமை வராத பிள்ளையிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. போன் அடித்தது. மசூர். கணக்குப் பார்த்தாச்சா, வேன் எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கு என்று கேட்டார்.

டீச்சர் றஸாக்கைப் பார்த்தாள்.

"பன்னிரண்டுதான் மசூர் காக்கா. வகுப்பில ஆகக் கெட்டிக்காரப் புள்ளையும் அதத்தான் எழுதியிருக்கா."