எத்தனை காய் கூட்டுவது?

"நாலு காய் வைச்சிருக்கிறன், தம்பி. வாறீரோ, கவிழ்க்கிறீரோ?"

தலைமைக் கிளாக்கர் செல்லத்தம்பியர் கேட்டதும் இராசையா தன் சீட்டை இன்னொருதரம் பார்த்தான். திருகோணமலைத் துறைமுகக் களஞ்சியத்தில் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவன் அவன். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், கிளப்பில் போக்கர் போட்டியின் கடைசி ஆட்டம். ஆளுக்கு நூறு பந்தயக் காய். எத்தனையும் வைக்கலாம், எத்தனையும் கூட்டலாம். சீட்டைக் கவிழ்த்தால் வைத்த காய் மற்றவருக்கு. காய் முடிந்தவர் தோற்றவர்.

இராசையா தோற்க வேண்டும். அதுதான் சிக்கல்.

களஞ்சியத்திலிருந்து ஒருவர் கொழும்புக்கு மாற்றலாகிப் போக வேண்டுமென்று வெள்ளைக்காரத் துரை சொல்லியிருந்தார். பெயரை எழுதிக் கொடுப்பவர் செல்லத்தம்பியர் என்பது ஊரறிந்த சங்கதி. வீட்டில் மனைவி சீதேவிக்கு எட்டாம் மாதம். முதல் இரண்டும் தங்கவில்லை. இந்த நேரத்தில் அவளை விட்டுவிட்டு எங்கே போவது? தோற்றால் முகம் கறுத்துப்போகும் மனிதரை வென்று தொலைத்தால், கடதாசியில் ஏறுவது இராசையாவின் பெயர்தான்.

சும்மா விட்டுக்கொடுக்கவும் ஏலாது. போன வருடம் அதே களஞ்சியத்துச் சின்னராசா அப்படிச் செய்து பிடிபட்டான். "என்னைப் பச்சைப்பிள்ளை எண்டு நினைச்சியோ?" என்று எழுந்து போன செல்லத்தம்பியர், மூன்று மாதம் அவனுக்கு முகம் கொடுக்கவில்லை.

ஆகவே, மும்முரமாக ஆடித் தோற்க வேண்டும்.

இராசையாவின் கையில் ஐந்து சீட்டு, அத்தனையும் குப்பை. சீட்டு மாற்றினால் நல்லது வந்து தொலைக்கலாம்; அதற்கு முன்பே கூட்டிவிடத் தீர்மானித்தான். ஆனால் எத்தனை? பன்னிரண்டு என்றால் மனிதர் பயந்து கவிழ்த்துவிடுவார். எட்டு என்றால் மலிவு, எப்படியும் வருவார்.

"எட்டு, ஐயா."

செல்லத்தம்பியர் சீட்டைக் கவிழ்த்தார். "எடும்."

அடுத்த கையிலும் குப்பைதான். அவர் வைத்த ஐந்துக்கு இராசையா நாற்பதைத் தள்ளினான். இவ்வளவு கூட்டினால் வெறும் வெருட்டு என்று யாருக்கும் விளங்கும். துள்ளிக்கொண்டு வருவார் என்று நம்பினான்.

"நாப்பதோ?" செல்லத்தம்பியர் நெற்றியைத் துடைத்தார். "அப்ப உம்மட்ட என்னவோ இருக்கு. நான் வரேல்லை."

ஒரு மணித்தியாலம் இதே கூத்து. கொஞ்சமாகக் கூட்டினாலும் கவிழ்த்தார், நிறையக் கூட்டினாலும் கவிழ்த்தார். வேண்டாம் என்கிறவன் பக்கம் காய் குவிந்துகொண்டே வந்தது. இராசையாவின் சேட்டு வியர்வையில் முதுகோடு ஒட்டிவிட்டது. சீதேவியிடம் என்ன சொல்வது என்று இப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டான்.

கடைசியில் செல்லத்தம்பியரிடம் முப்பது காய் மிச்சம். அதில் இருபதை வைத்தார். இராசையாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இருபதை வைத்தவர் மிச்சப் பத்துக்காகப் பின்வாங்குவாரா? அவனிடம் ஒரு சோடிகூட இல்லை. இரட்டிப்புச் சந்தோசம்.

"முழுக்க வைக்கிறன், ஐயா."

செல்லத்தம்பியர் சீட்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். பிறகு சீட்டைக் கவிழ்த்து, மிச்சப் பத்தையும் அவன் பக்கம் தள்ளினார்.

"பத்தை வைச்சு என்னத்தை ஆடுறது? நீர் வெண்டிட்டீர், தம்பி."

இராசையாவுக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கக் குனிந்து சீட்டுகளை அள்ளினான். அவர் கவிழ்த்தவை புரண்டன. மூன்று ஆசு. யாரும் கவிழ்க்காத கை.

"ஐயா, இதையோ கவிழ்த்தனீங்கள்?"

செல்லத்தம்பியர் கதிரையைக் கிட்ட இழுத்துக் குரலைத் தாழ்த்தினார். "பேரை நான் எழுதுறன் எண்டுதான் எல்லாரும் நினைக்கிறியள். துரைக்குச் சீட்டுப் பைத்தியம். வெல்லுறவர் தன்னோட ஆட இஞ்ச நிக்கட்டாம், தோக்கிறவரைக் கொழும்புக்கு அனுப்பட்டாம். வெளியில சொல்லக்கூடாதெண்டும் உத்தரவு. நான் தனிக்கட்டை, எங்க கிடந்தாலென்ன? நீரெண்டா, காய் சேரச்சேர முகம் வாடி, தோக்கிறதெண்டே ஒற்றைக்காலில நிண்டீர். உம்மை வெல்ல வைக்கிறதுக்குள்ள எனக்கு உயிர் போச்சு."