ஒரு கண்ணுக்கு இரண்டு குற்றவாளிகள்

"பூனையை அடிச்சது யாரு?"

டாக்டரம்மா சுற்றி வளைக்கிற ரகமில்லை. மேஜைமேல் படுத்திருந்த பூனையின் இடது கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தவர், நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

எதிரே நின்ற கணவனும் மனைவியும் திருதிருவென்று விழித்தார்கள்.

"யாரும் அடிக்கலையே டாக்டர். கண்ணு நிறம் மாறுதேன்னுதான் கொண்டு வந்தோம்" என்றார் கணவர்.

"பொண்ணுதான் முதல்ல கவனிச்சா" என்றாள் மனைவி. "தினமும் அந்தக் கண்ணையே உத்து உத்துப் பார்த்துக்கிட்டிருப்பா."

"உள்ளே கட்டி வளருது. எப்பவோ காயம் பட்ட கண்ணுல, சில பூனைகளுக்கு வருஷக்கணக்குல கழிச்சு இப்படி வரும். அதுதான் காரணம்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா பழைய காயம்னா கண்ணை உடனே எடுத்தாகணும். இல்லேன்னா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம். அதனால மழுப்பாம சொல்லுங்க. கண்ணுல தெரியற இந்தத் தழும்பு எப்படி வந்தது?"

கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான்தான் டாக்டர். ஏதோ ஆபீஸ் கோபத்துல சாவிக்கொத்தை வீசிட்டேன்."

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மேனேஜர்கிட்ட காட்ட முடியாத வீரத்தை வாயில்லா ஜீவன்கிட்ட காட்டினீங்களாக்கும்?"

"ஐயோ, அவர் இல்ல டாக்டர்!" மனைவி குறுக்கே பாய்ந்தாள். "பால்ல வாய் வெச்சுதுன்னு நான்தான் கரண்டியால போட்டேன்."

"நீ சும்மா இரு."

"நீங்க சும்மா இருங்க."

பழியை அடுத்தவர் தலையில் கட்டுகிற குடும்பங்களை டாக்டரம்மா தினமும் பார்க்கிறார். பழிக்குப் போட்டி போடுகிற குடும்பம் இப்போதுதான் வந்திருக்கிறது.

"ஒரு தழும்புக்கு ரெண்டு கதையா? எனக்குக் காது குத்தியாச்சு. உண்மையைச் சொல்லுங்க."

கணவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"காயம் பட்டது நிஜம் டாக்டர். கண்ணை எடுத்துடுங்க. பொண்ணு வெளியே உட்கார்ந்திருக்கா. யாரு பண்ணினதுன்னு கேட்டா, என் பேரைச் சொல்லிடுங்க."

"என் பேரைச் சொன்னாலும் சரி" என்றாள் மனைவி. கண் கலங்கியிருந்தது. "அப்போ அவளுக்கு நாலு வயசு. கலர் பென்சிலை வெச்சுக்கிட்டு இதோட விளையாடினா. குழந்தைக்கு என்ன தெரியும்? இப்போ சுத்தமா ஞாபகம் இல்லை. இந்தப் பூனைன்னா அவளுக்கு உயிர்."

டாக்டரம்மாவின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"சீக்கிரம் கொண்டு வந்துட்டீங்க. பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. நீங்க வெளியே இருங்க, அவளை வரச் சொல்லுங்க. நான் பேசிக்கறேன்."

பள்ளிச் சீருடையில் உள்ளே வந்த பெண், பூனையின் காதோரம் மெல்லத் தடவிக்கொடுத்தாள்.

"இந்தக் கண்ணை எடுக்கணும்மா" என்றார் டாக்டரம்மா. "பழைய காயம். உங்கப்பா ஒருநாள் கோபத்துல..."

"அப்பான்னு சொன்னாங்களா? அம்மான்னு சொல்லலையா?"

"ரெண்டு பேருமே சொன்னாங்க" என்று வாய்தவறி வந்துவிட்டது டாக்டரம்மாவுக்கு.

அவள் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"பச்சைப் பென்சில் டாக்டர். எனக்கு ஞாபகம் இருக்குன்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. பாவம், ரெண்டு பேரும் தாங்க மாட்டாங்க."