தோட்டா பார்க்கப் போன இராஜேந்திரன்

கோபிசன் இரண்டு தோட்டாக்களைக் கண்ணாடி மேசையில் நிமிர்த்தி வைத்தான். இரண்டும் பித்தளை. இரண்டும் நடுவிரல் நீளம்.

இராஜேந்திரன் குனிந்து பார்த்தார். தாய்க்காரி இல்லாத நேரத்தில் இரட்டைப் பிள்ளைகளில் மூத்தது எது என்று கேட்டது போல இருந்தது.

அவர் வந்தது தோட்டா வாங்க அல்ல. மாப்பிள்ளை பார்க்க.

மகள் ஜெனனிக்குப் பேசிய இடம் இது. பையன் கோபிசனுக்கு சுவிஸ் ஃப்ரிபூர்க்கில் விளையாட்டுச் சாமான் கடையில் வேலை என்று, சம்பந்தம் கொண்டுவந்த ஜெயந்தி அக்கா சொல்லியிருந்தார். சாதகமும் பொருந்திவிட்டது. ஆனால் விற்பனைக்காரன் நாக்கில் உண்மை தங்குமா என்பதுதான் இராஜேந்திரனுக்குத் தூக்கத்தைக் கெடுத்த கவலை. நாள் முழுக்கச் சிரித்துச் சிரித்துப் பொய் சொல்கிறவனிடம் ஒரே மகளை எப்படிக் கொடுப்பது?

அதனால் மனைவி ஞானேஸ்வரியிடம் மட்டும் சொல்லிவிட்டு, வீடு இருக்கும் ஊஸ்டரில் ரயிலேறி, யாரோ ஒரு வாடிக்கையாளர் போலக் கடைக்குள் நுழைந்தார். பட்மின்டன் மட்டை கேட்பதாகத் திட்டம்.

உள்ளே பார்த்தால் சுவரெல்லாம் வேட்டைத் துவக்கு. கதவுக்கு மேலே ஒரு மான் தலை, உனக்கு இங்கே என்ன வேலை என்பது போல அவரையே பார்த்தது.

மட்டை என்று கேட்க வாய் வரவில்லை. தூரத்துக்குச் சுட நல்லதாக ஏதாவது வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அதையும் ஜெர்மன் மொழியில் சொன்னார். தமிழில் வாய் திறந்தால் முதல் நிமிடம் ஊர், இரண்டாம் நிமிடம் ஒழுங்கை, மூன்றாம் நிமிடம் சொந்தம் என்று வேடம் கலைந்துவிடும். பையனும் மரியாதையாக ஜெர்மனிலேயே பதில் சொன்னான். பார்த்த உடனேயே தமிழர் என்று தெரிகிற இரண்டு பேர், மொழி வகுப்புப் புத்தகத்து ஹான்ஸும் பீட்டரும் மாதிரிக் கதைத்துக்கொண்டார்கள்.

எவ்வளவு தூரம் என்று பையன் கேட்டான்.

ஆறு கிலோமீற்றர் என்றார் இராஜேந்திரன். குறைத்துச் சொன்னால் வசதியில்லாத ஆள் என்று நினைத்துவிடுவானோ என்று பயம்.

கோபிசன் சிரிக்கவில்லை. அறுநூறு மீற்றர் என்று தாளில் எழுதிக்கொண்டான். அந்த இடத்தில் பையனுக்கு ஒரு புள்ளி விழுந்தது.

எதைச் சுடுவீர்கள் என்றும் கேட்டான். வெள்ளிக்கிழமைகளில் முட்டைகூடத் தொடாத இராஜேந்திரன் கொஞ்சம் யோசித்து, தூரத்தில் எது நிற்கிறதோ அதை என்றார்.

அதற்குப் பிறகுதான் இந்த இரட்டையர் மேசைக்கு வந்தார்கள். ஒன்று ஏழு மில்லிமீற்றர் மெக்னம். மற்றது முந்நூறு மெக்னம்.

இராஜேந்திரன் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் இருபத்துநாலு வருடம் வேலை செய்தவர். துணி என்றால் தொட்டே தரம் சொல்லுவார். தோட்டாவையும் தொட்டுப் பார்த்தார். கையில் வைத்து நிறை பார்த்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். எதில் சாயம் போகாது என்று கேட்க வந்த வாயைக் கடைசி நேரத்தில் மூடிக்கொண்டார்.

பையன் விளக்கினான். ஏழின் குண்டு மெலிந்தது, காற்றை வெட்டிக்கொண்டு போகும், உதை குறைவு. முந்நூறின் குண்டு கனத்தது, போய் விழும் இடத்தில் பலமாக விழும், ஆனால் சுடுகிறவரையும் சும்மா விடாது. அறுநூறு மீற்றரில் ஒரு கடதாசியில் ஓட்டை போடுவதற்கு, மனச்சாட்சிப்படி சொன்னால், இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

இராஜேந்திரன் அதையே மறுபடி கேட்டார். மூன்றாம் தரமும் கேட்டார். அதே பதில், அதே பொறுமை.

பிறகு தூண்டிலைப் போட்டார். பெரியதையே தா, விலை கூடினாலும் பரவாயில்லை என்றார். விற்கிறவன் என்றால் இந்த இடத்தில் வாயெல்லாம் பல்லாக வேண்டும்.

கோபிசன் முந்நூறை எடுத்து மேசைக்குக் கீழே வைத்துவிட்டான். அவசரத்தில் தமிழ் வந்துவிட்டது.

"வேண்டாம் அங்கிள். ஒப்பரேசன் செய்த தோளுக்கு இதின்ர உதை கூடாது."

அதுவும் சரிதான் என்று இராஜேந்திரன் வலது தோளைத் தடவிக்கொண்டார். ஏழு வாங்குவதற்கும் முதலில் அனுமதிக் காகிதங்கள் வேண்டுமாம். அப்பாடா என்றிருந்தது. வெறுங்கையோடு போனால் சந்தேகம் வரும் என்று, மானைக் கூப்பிடும் ஊதுகுழல் ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வேடம் கலையாத திருப்தியோடு வெளியே வந்தார்.

ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில், பாதித் தெருவில் நின்றுவிட்டார்.

தோள் ஒப்பரேசன் நடந்தது மாசி மாதம். கலியாணம் பேசுகிற நேரத்தில் தகப்பன் நோயாளி என்று ஒரு சொல் வெளியே போகக் கூடாதென்று, ஞானேஸ்வரி அதைக் குசினிக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தார். ஜெயந்தி அக்காவுக்குக்கூடத் தெரியாது. தெரிந்தது வீட்டில் மூன்று பேருக்கு.

அந்த மூன்றில் ஒருத்தி ஜெனனி. இருபத்தேழு வயதுவரை ஒரு திரைச்சீலையின் நிறத்தில்கூட அப்பாவோடு ஒத்துப்போகாதவள். இந்தச் சம்பந்தத்துக்கு மட்டும், உங்கட விருப்பம் அப்பா என்று தலையைக் குனிந்தவள்.

சாதகம் எப்படி ஜெயந்தி அக்காவின் கைக்குப் போயிருக்கும் என்பதும் இப்போது விளங்கியது.

கைத்தொலைபேசி அடித்தது. ஞானேஸ்வரி. பெடியன் எப்படி என்று கேட்டார்.

கோபம் வர வேண்டிய இடம். வரட்டும் என்று இராஜேந்திரன் கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார். வரவில்லை.

"நல்ல பெடியன்," என்றார். "பொய் சொல்லத் தெரியேல்லை."