முந்நூற்று எட்டுப் பேர்

"பதினாலு நாள் விடாத மழை. ஆறு வீட்லயும் ஒரு ரூம்கூடப் போகலை. அப்புறம் எப்படிங்க முந்நூத்து எட்டுப் பேர் காட்டுக்குள்ள நடந்தாங்க?"

பல்கலைக்கழக ஆராய்ச்சி மேடம் வழிகாட்டியை நேராகப் பார்த்துக் கேட்டாள். நனைந்த தலையைத் துவட்டக்கூடத் தோன்றாமல் நின்றார்.

"நானே சொல்றேன். இன்னிக்குக் காலையில ஜீப்புல உக்காந்து பார்த்தேன். சாக்கைப் போர்த்திக்கிட்டு பதினோரு தடவை மேல போனீங்க, பதினோரு தடவை கீழ வந்தீங்க. ஒவ்வொரு தடவையும் பெட்டி ஒண்ணு ஏத்திக்கிச்சு. ஒரு மிஷினை ஏமாத்த இவ்வளவு மெனக்கெடலா?"

பாதை தொடங்கும் இடத்தில் கம்பத்தில் மாட்டியிருக்கும் சின்னப் பெட்டி அது. யார் கடந்தாலும் எண்ணிவிடும்.

மர மில் மூடிப்போய் ஊரே கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது பல்கலைக்கழகம் வந்து போட்டுக்கொடுத்த நடைபாதை. மில்லில் மரம் அறுத்தவர்களை வழிகாட்டி ஆக்கியதும், ஆறு வீடுகளில் வெளியூர்க்காரர்கள் தங்க அறை ஏற்பாடு செய்ததும் அவர்கள்தான். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றார்கள்? என்ன, எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று பார்த்துத்தான் அடுத்த வருடம் திட்டம் தொடரும்.

"சொல்லுங்களேன்!" கதவோரம் நின்ற வழிகாட்டியின் மனைவி பொறுக்கமாட்டாமல் கத்தினாள். "வாயில என்ன பூட்டா போட்டிருக்கு?"

"நீ சும்மா இரு" என்று அடக்கினார். பிறகு, "தப்புத்தான் மேடம். கணக்கு கூடட்டும்னு நடந்தேன்."

மேடத்துக்கு மனசு விட்டுப்போயிற்று. இருக்கிற வழிகாட்டிகளில் இவரைத்தான் அவள் மலைபோல நம்பியிருந்தாள்.

"அந்த அட்டையைக் கழட்டுங்க."

கழுத்தில் தொங்கிய வழிகாட்டி அட்டை. மில் போனபிறகு அவருக்கு இருந்த ஒரே பிழைப்பு. கயிறு காதில் சிக்கிக்கொண்டது. எடுத்து மேசையில் வைத்தார்.

"பாதையை மூடிட மாட்டீங்களே மேடம்?"

"பாதை என்ன பாவம் பண்ணுச்சு? உங்க பேரைத்தான் எடுக்கறேன். இனி அந்தப் பக்கம் கால் வைக்காதீங்க."

"அது போதும்" என்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

சே, கொஞ்சமாவது சூடு சொரணை இருக்கா இந்த ஆளுக்கு! மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயே உட்கார்ந்து அறிக்கையை எழுதி அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தாள்.

உச்சியில் இன்னொரு பெட்டி உண்டு. அதில் பூஜ்யம் இருந்தால் ஆதாரம் கச்சிதம். மழை சற்று வெறித்ததும் குடையோடு கிளம்பினாள். திறப்பு விழாவன்று ஏறியதோடு சரி, அப்புறம் அவள் அந்தப் பாதையில் நடந்ததே இல்லை. எண்தான் மாதாமாதம் மெயிலில் வந்துவிடுமே!

பத்து நிமிஷத்தில் செங்குத்தான வளைவு வந்தது. அங்கே பல்கலைக்கழகம் போட்ட மரப்படிகள் இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. எட்டிப் பார்த்தாள். உளுத்துப்போன பலகைகள் எல்லாம் பள்ளத்தில் கிடந்தன. மண் அப்படியே சரிந்திருந்தது.

சரிந்த இடம் முழுக்கக் கல் படிகள். பக்கத்தில் பக்கத்தில் கல்லைப் பதித்து, இடுக்கில் சல்லி அடைத்திருந்தது. மிதித்துப் பார்த்தாள். அசையவில்லை. மேலே நாலைந்து அடி மட்டும் இன்னும் வெறும் சேறு.

பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். வழிகாட்டியின் மனைவி. முதுகில் சாக்கு, சாக்குக்குள் கல்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க மேடம்." அந்தம்மா கல்லை இறக்கி வைத்தாள். "அவரைத்தான் கால் வைக்காதேன்னுட்டீங்க. வெள்ளிக்கிழமை ஒம்போது பேர் வர்றாங்க. யாராவது விழுந்து தொலைச்சா? இன்னும் மூணு படி பாக்கி."

மேடம் அந்தச் சாக்கைப் பார்த்தாள். "அப்போ அந்தப் பதினோரு தடவை..."

"ஒரு நடைக்கு ஒரு கல். அதுக்கு மேல அவர் இடுப்பு தாங்காது."

"ஐயோ, இதை ஏங்க்கா கீழேயே சொல்லலை?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? படி போச்சுன்னு தெரிஞ்ச நிமிஷமே பாதையை மூடணும், உங்க விதி அது. பக்கத்து ஊர்ல மூடினது ரெண்டு வருஷமாத் திறக்கலை. என் பேரு கெட்டா நம்ம வீட்டோட போயிடும், பாதை போனா ஆறு வீடும் போயிடும்னார். நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், மனுஷன் கேக்கணுமே! இப்ப நீங்களே பாத்துட்டீங்க. இனி உங்க இஷ்டம்."

"நான் இப்பவே எழுதறேங்க்கா. அட்டையைத் திருப்பி வாங்கித் தர்றேன்."

"என்ன காரணம்னு எழுதுவீங்க?"

படி போனதை எழுதினால் பாதையை மூடியாக வேண்டும். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அழுகையாக வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபமும் வந்தது.

"அதுக்கில்லக்கா... மரம் உளுத்துப்போகுதுன்னு முன்னாடியே எங்களுக்கு ஒரு வார்த்தை எழுதிப் போட்டிருக்கலாமே?"

அந்தம்மா காலிச் சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"மூணு தடவை எழுதினாரே மேடம். 'முதல்ல ஆளுங்க வரட்டும், படியை அப்புறம் பார்க்கலாம்'னு பதில் வந்துச்சு. மூணுலயும் கீழே உங்க கையெழுத்துதான்."